ரசிகர் போட்ட பாட்டு யாருக்குச் சொந்தம்? ஒரு வீடியோ கேம் இசையின் பயணம்

2022 ஜனவரியில், வத்திக்கானில் போப் பிரான்சிஸ் மக்களைச் சந்திக்கும் வாராந்திர நிகழ்ச்சியில் ஒரு சர்க்கஸ் குழு வித்தை காட்டியது. பின்னணியில் ஒலித்த இசையைக் கேட்டதும் உலகம் முழுக்க கேம் ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது ‘மெகலோவேனியா’. ‘அண்டர்டேல்’ என்ற வீடியோ கேமில் வரும் சண்டை இசை. அதுவும் சாதாரணச் சண்டை இல்லை. வழியில் எதிர்ப்பட்ட எல்லோரையும் ஒருவர் விடாமல் கொன்று தீர்த்த ஆட்டக்காரருக்கு மட்டும் வரும் கடைசிச் சண்டை. அதைப் போய் போப் முன்னால் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருது.

அந்தப் பாட்டை எழுதியவர் டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர். அண்டர்டேலுக்காக அவர் அதை எழுதவில்லை. 2008-இல், பதின்ம வயதில், தனக்குப் பிடித்த ‘எர்த்பவுண்ட்’ என்ற ஜப்பானிய கேமின் உள்ளே கைவைத்து அவர் ஒரு மாற்று வடிவம் செய்தார். ‘ஹேக்’ என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். மெகலோவேனியா முதலில் வந்தது அதில்தான். பிறகு ‘ஹோம்ஸ்டக்’ என்ற இணையக் காமிக்ஸுக்கு இசை அமைத்தபோது அதே பாட்டை எடுத்துவந்தார். 2015-இல் அது அண்டர்டேலுக்குள் வந்தது. 2019-இல் நின்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’டிலும் சேர்ந்தது. எர்த்பவுண்டை வெளியிட்டது இதே நின்டெண்டோதான்!

ஒரு ரசிகர், அடுத்தவர் கேமில் அனுமதி இல்லாமல் நுழைந்து செய்த வேலையிலிருந்து பிறந்த பாட்டு, அந்த நிறுவனத்தின் வாசல் வழியாகவே மரியாதையோடு திரும்பி வந்தது எப்படி? பக்கத்தில் லேப்டாப்பும் மனசுக்குள் ஒரு மெட்டும் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது.

கேம் இசை ஏன் வேறு மாதிரி?

சினிமாவில் ஒரு காட்சி எத்தனை நிமிடம் என்று இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் தெரியாது. நீங்கள் ஒரு கட்டத்தை பத்து வினாடியில் தாண்டலாம், தாண்ட முடியாமல் ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கலாம். அதனால் இசை சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஐம்பதாவது சுற்றிலும் எரிச்சல் தரக்கூடாது. ஆபீஸில் கேம் பாட்டுகளை ஹெட்போனில் போட்டுக்கொண்டு கோடு எழுதுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கவனத்தைக் கலைக்காமல் கூடவே ஓடுவதற்கென்று செய்த இசை என்பதால், அது அந்த வேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

1978-இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமில் இருந்தது நாலே நாலு சுரம். எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகம் கூடும். கூடவே அந்த நாலு சுரமும் வேகமெடுக்கும். அவ்வளவுதான், உள்ளங்கை வியர்த்துவிடும். ஆட்டக்காரர் செய்வதற்கு ஏற்ப இசை மாறுவது என்ற அடிப்படை அப்போதே வந்துவிட்டது.

அடுத்து 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம். நம்மூர் தெருக்களில் கேசட் போட்டு ஆடிய பல கன்சோல்கள் இதன் நகல்கள்தான். ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகள் மட்டும்தான் அதில் வரும். மெட்டுக்கும் அதன் துணைக்கும் இரண்டு, பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் மாதிரி ஒன்று, பதிவு செய்த சின்னச் சின்ன ஒலிகளுக்கு ஒன்று. இதிலும் ஒரு சிக்கல். 1985-இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமில் மாரியோ குதிக்கும்போது வரும் ‘டொய்ங்’ சத்தத்துக்குத் தனி இடம் கிடையாது. பாட்டிலிருந்து ஒரு வரிசையைப் பிடுங்கித்தான் அது ஒலிக்கும். நாம் குதித்துக்கொண்டே இருப்போம், பாட்டில் பாதி காணாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் மெட்டு நிற்கும். கோஜி கோண்டோவின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்த இசையைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் கேம் இசை இதுதான்.

இதையெல்லாம் கான்சர்வேட்டரியில் சொல்லிக்கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே விளையாடியவர்கள் காதால் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ‘ஃபைனல் ஃபேன்டசி’யின் நோபுவோ உவேமாட்சுகூட தானாகவே இசை கற்றவர்தான்.

ரசிகரின் காது

அண்டர்டேலுக்கு வருவோம். 2013-இல் டோபி ஃபாக்ஸ் மக்களிடம் கேட்டது 5,000 டாலர். கிடைத்தது 51,000-க்கும் மேல். ஓவியத்துக்குச் சிலரின் உதவி இருந்தது. கதை, கோடு, இசை பெரும்பாலும் அவர் ஒருவரே. ஒலித்தட்டில் 101 துண்டுகள். பழைய கன்சோல் கேம்களின் ஒலி மாதிரிகளை வைத்துச் செய்தவை நிறைய. காதுக்குப் பளபளப்பாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு மெட்டும் எங்கே திரும்பி வரவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு உதாரணம். கேமின் தொடக்கத்தில் ஃப்ளவி என்ற பேசும் பூ ஒன்று வரும். அதற்கு நர்சரி பாட்டு மாதிரி துள்ளலான ஒரு மெட்டு. பிறகு நீங்கள் கொலைகாரப் பாதையில் போய் ஒரு பகுதியையே காலி செய்துவிட்டால் அங்கே பாட்டு நின்றுவிடும். பதிலாக ஏதோ ஒரு கனத்த முனகல் கேட்கும். அது என்னன்னு பார்த்தா, அதே பூவின் மெட்டுதான், இழுத்து இழுத்து மெதுவாக்கப்பட்டது. புதிதாக ஒரு சுரம்கூடச் சேர்க்கவில்லை. உங்களைக் குற்றவாளி என்று யாரும் வசனம் பேசிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பெரிய பட்ஜெட் கேம்கள் பலவற்றில் எண்பது பேர் ஆர்கெஸ்ட்ரா வாசித்தும் வராத நடுக்கம் இது என்பது என் கருத்து. சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

இப்படி யோசிக்க முதலில் நிறைய விளையாடியிருக்க வேண்டும். எங்கே பிடித்தது, எங்கே சலித்தது என்று ஒரு அபிப்பிராயமும் வேண்டும். ‘ஸ்டார்டியூ வேலி’யை உருவாக்கிய எரிக் பரோன் ‘ஹார்வெஸ்ட் மூன்’ ரசிகர். அந்தத் தொடரின் பிந்தைய கேம்கள் அவருக்குத் திருப்தி தரவில்லை. குறை சொல்லிவிட்டு நிறுத்தாமல் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து, இசை உட்பட எல்லாவற்றையும் அவரே செய்தார். 2016-இல் வெளியான அந்த கேம் 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

வாசலில் நிற்கும் வக்கீல்

எல்லா ரசிகர் கதையும் இப்படி முடிவதில்லை. 1991-இல் வந்த ‘மெட்ராய்டு 2’ கேமை மில்டன் குவாஸ்டி என்ற ரசிகர் பல ஆண்டுகள் உழைத்துப் புதிதாகச் செய்தார். 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நின்டெண்டோவின் காப்புரிமை நோட்டீஸ் வந்தது, வேலை நின்றது. அடுத்த ஆண்டே நின்டெண்டோ அதே கேமின் தன் மறு ஆக்கத்தை விற்பனைக்கு விட்டது. 2022-இல் கேம் பாட்டுகளைச் சேகரித்து வைத்திருந்த ஒரு யூடியூப் சேனலில் 1,300-க்கும் மேற்பட்ட பாட்டுகளை நின்டெண்டோ முடக்கியது. அந்தப் பாட்டுகளை முறையாகக் கேட்க அந்த நிறுவனம் தன் மியூசிக் ஆப்பைக் கொண்டுவந்ததோ 2024 அக்டோபரில்தான்.

சேகா வேறு மாதிரி நடந்துகொண்டது. சோனிக் கேம்களை ரசிகராகக் குடைந்துகொண்டிருந்த கிறிஸ்டியன் வைட்ஹெட்டைக் கூப்பிட்டு ‘சோனிக் மேனியா’வை ஒப்படைத்தது. இசைக்கு டீ லோப்பஸ். சோனிக் பாட்டுகளை ரீமிக்ஸ் செய்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தவர். 2017-இல் வந்த அந்த கேமை, பல ஆண்டுகளில் வந்த நல்ல சோனிக் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். இந்த விஷயத்தில் நான் சேகா கட்சி. நின்டெண்டோவுக்குச் சட்டம் பக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் தன்னுடைய அடுத்த கலைஞர் எங்கிருந்து வருவார் என்ற கணக்கை அந்தச் சட்டம் போட்டுக் கொடுக்காது. குவாஸ்டியைப் பிறகு வேலைக்கு எடுத்தது ‘ஓரி’ கேம்களைச் செய்த மூன் ஸ்டூடியோஸ்.

அப்படின்னா மெகலோவேனியா மட்டும் தப்பித்தது எப்படி? எர்த்பவுண்ட் ஹேக்கை டோபி ஃபாக்ஸ் விற்க முடியாது. அது அடுத்தவர் வீடு. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிய மெட்டு அவருடையது. பெயரில் ‘லைவ் எ லைவ்’ கேமில் யோகோ ஷிமோமுரா அமைத்த ‘மெகலோமேனியா’வின் நிழல் தெரியும், ஆனால் மெட்டு வேறு. அதனால் வீட்டைக் காலி செய்தபோது பாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வர முடிந்தது. குவாஸ்டியின் உழைப்போ முழுக்க மெட்ராய்டின் பெயரோடும் கதையோடும் பின்னிக்கிடந்தது. பிரித்தெடுக்க வழி இல்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு ரீமிக்ஸ் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு பாட்டில் மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. மாரியோ பாட்டை நீங்களே கீபோர்டில் வாசித்தாலும் பதிவுதான் உங்களுடையது, மெட்டு அல்ல. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. ‘நான் காசு வாங்கலியே’ என்பது மட்டுமே அதில் ஒரு விலக்கு அல்ல. வீட்டில் பழகிப் பார்க்கலாம். ஊருக்குப் போட்டால் சிக்கல் வரலாம்.

ரீமிக்ஸ் செய்வது வீண் என்று சொல்லவில்லை. அது நல்ல பயிற்சி. பிடித்த இசையின் சாயலை எடுத்துக்கொண்டு மெட்டைப் புதிதாகச் செய்வது அடுத்த படி. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘வெண்பா’ அதைச் செய்தது. டொரொன்டோவின் விசாய் கேம்ஸ் உருவாக்கி 2023-இல் வெளியிட்ட கேம். சமையலறை ரேடியோவில் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் பாட்டுகள் வரும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும், ஆனால் எல்லாமே அந்த கேமுக்காகப் புதிதாகச் செய்தவை. அடுத்த ஆண்டு அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான்.

தொடங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கருவி ஒரு பிரச்சினையே இல்லை. பீப்பாக்ஸ் பிரவுசரிலேயே ஓடும். ஃபேமிகாமின் அந்த ஐந்து ஒலிகளை வைத்து இசை எழுதும் ஃபேமிஸ்டூடியோவும் இலவசம். என் சிபாரிசு இரண்டாவதுதான், ஏனென்றால் அதில் ஒளிய இடமில்லை; மெட்டு மோசம் என்றால் உடனே தெரிந்துவிடும். அரை நிமிடச் சுற்று ஒன்று எழுதுங்கள். ஒரு வரிசையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் அதைச் சுழலவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஆஃப் செய்யத் தோன்றவில்லை என்றால் ஜனவரி வரை பத்திரமாக வைத்திருங்கள். அப்போது குளோபல் கேம் ஜாம் நடக்கும், இந்திய நகரங்களிலும். ஒரு வார இறுதிக்குள் கேமை முடிக்க ஓடும் குழுக்களில் கோடு எழுத ஆள் இருக்கும். பாட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சேருவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கேம் குழுவுடையது, மெட்டு உங்களுடையது.