கண்ணாடி போடாத நீர்வண்ணப் படங்கள்

நீர்வண்ணத்தைத் தாளில் பிடித்து வைப்பது வேலம்பிசின். காய்ந்து எத்தனை வருடமானாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அது இளகும். அதனால்தான் இவ்வகைப் படங்களைக் கண்ணாடிக்குள் வைப்பது வழக்கம். இந்தச் சுவரில் இருப்பவற்றுக்குக் கண்ணாடி இல்லை. பதிலாக, தாளை அக்ரிலிக் ஜெல்லால் மரப்பலகையில் ஒட்டி, காற்றுக்குமிழி போக உருளையால் அழுத்தி, எடை வைத்துக் காயவிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது வார்னிஷ். முதல் பூச்சுக்குத் தூரிகை ஆகாது, நிறம் இழுபட்டுவிடும். தெளிப்பானால் மெல்லிசாக அடித்து, காய்ந்த பின் அடுத்தது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: அடர்நிறங்கள் இன்னும் கறுத்து, தாளின் சொரசொரப்பு லேசாகப் பளபளக்கும். கண்ணாடியின் எதிரொளிப்பு இல்லாதது பெரிய லாபம்.

நட்டமும் உண்டு. எண்ணெய் ஓவியத்தின் வார்னிஷைப் பின்னாளில் கழுவி எடுக்கலாம். தாளுக்குள் இறங்கியது இறங்கியதுதான். அருங்காட்சியகக் காப்பாளர்கள் இதை விரும்பாததற்குக் காரணம் இதுவே. அவர்கள் தாளை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப்பசையால், நெசவாளர் பாவுக்குப் போடும் கஞ்சிக்கு உறவுதான். ஈரம் காட்டினால் விட்டுவிடும்.

1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ்.பணிக்கர் முதலில் பெயர் பெற்றது நீர்வண்ண நிலக்காட்சிகளால். அப்படிப்பட்ட படம் கையில் இருந்தால் வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். கண்ணாடி போடுங்கள், அது தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு. ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.