பணமும் பத்திரம், விரலும் பத்திரம்

ஹாலிஎலயில் கணவரின் தச்சுப்பட்டறையை இப்போது தனியே நடத்திவரும் சகோதரி ஒருவர் அண்மையில் என்னிடம், "மிஸ், மேசை வாளுக்கு டாடோ செட் வாங்கணும். சங்கத்தில கடன் எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் படித்தது சமூகவியல், மரவேலை தெரியாது. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

அலுமாரியின் பக்கப் பலகையில் தட்டைப் பொருத்த வெட்டும் பள்ளத்துக்கே 'டாடோ' என்று பெயர். ஆணியை மட்டும் நம்பிய தட்டு பாரம் ஏறினால் தளரும். பள்ளத்தில் அமர்ந்த தட்டு தாங்கி நிற்கும். டாடோ செட்டில் இரண்டு வெளித்தகடுகளும், நடுவே சேர்க்கும் வெட்டுத் தகடுகளும், அகலத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளும் இருக்கும். இவற்றை அடுக்கிப் பூட்டினால் ஒரே ஓட்டத்தில் பள்ளம் விழும். 10 அங்குல வாளுக்கு 8 அங்குல செட் பொருந்தும். இயந்திரத்தின் வலு குறைவென்றால் 6 அங்குலமே போதும்.

ஆனால் வாங்குமுன் தகடு பூட்டும் தண்டை அளந்து பாருங்கள். தகடுகளை அடுக்கிய பின்னும் நட் முழுமையாக ஏற வேண்டும். தகட்டின் துளையும் தண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் செய்த வாள்கள் பலவற்றில் தண்டு குட்டையானது. அவற்றில் டாடோ செட் ஏறாது. கையில் பிடித்து அறுக்கும் வட்டவாளில் இதை ஒருபோதும் பூட்டக்கூடாது.

சகோதரியின் வாளிலும் தண்டு குட்டைதான். அதற்கும் வழி உண்டு. சாதாரணத் தகட்டைப் பள்ளத்தின் ஆழத்துக்குத் தாழ்த்தி, முதலில் இரு ஓரங்களையும் வெட்ட வேண்டும். பிறகு பலகையைச் சிறிது சிறிதாக நகர்த்தி நடுப்பகுதியை வெட்டி, உளியால் துப்புரவாக்க வேண்டும். நேரம் கூடும், கடன் மிஞ்சாது.

டாடோ செட் பொருந்தும் வாள் உள்ளவர்கள், மின்சார இணைப்பைக் கழற்றிய பின்னரே தகட்டைத் தொடுங்கள். பற்கள் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். அகலமான வாயுள்ள மேசைத் தகட்டைப் போடுங்கள்.

எந்தத் தகடானாலும் முதலில் கழிவுப் பலகையில் வெட்டித் தட்டைப் பொருத்திப் பாருங்கள். பலகையைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள், கையால் வேண்டாம். கண்ணாடி அணியுங்கள். முந்தானை, துப்பட்டா, வளையல், அவிழ்ந்த கூந்தல் வாளருகே கூடாது. பாதுகாப்பு மூடியைக் கழற்ற நேர்ந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் பூட்டுங்கள்.

அந்தச் சகோதரி கடன் எடுக்கவில்லை. முதல் அலுமாரிக்கு இரண்டு நாள் கூடுதலாகச் செலவானது. ஆனால் தட்டு அசையவில்லை.

சகோதரிகளே, தொழிலுக்கு இயந்திரம் வாங்குவது நல்லதே. ஆனால் கடையில் விலை கேட்குமுன், வீட்டில் இருக்கும் இயந்திரத்தை அளந்து பாருங்கள்.