பரம்பரைப் பெயர் தொட்டிலுக்கு வந்த கதை

ஸ்டூவர்ட் பிராட், கிரஹாம் கூச், கீத் மில்லர், கோர்டன் கிரீனிட்ஜ், கேமரூன் கிரீன். கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழகிப்போன இந்தப் பெயர்களின் முன்பாதி எல்லாமே ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள். பையன்களைக் கூப்பிடும் பெயராக இவை பரவலானது 19-ஆம் நூற்றாண்டிலிருந்துதான்.

தொடக்கம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஸ்காட்லாந்தின் பழைய வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர். இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். மூன்றாமவனுக்கு அப்பா பெயர். விளைவு, ஒரே குடும்பத்தில் நாலைந்து ஜான்கள், ஜேம்ஸ்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவேண்டாமா? தாயின் பிறந்தவீட்டுப் பெயரை நடுவில் சேர்த்தார்கள். திருமணமான பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயரைக் கல்லறையில்கூடப் பொறிக்கும் நாடு அது. நடுவில் வந்த பெயரே நாளடைவில் சிலருக்குக் கூப்பிடும் பெயராகிவிட்டது.

தொலைபேசி கண்ட பெல்லின் வீடு நல்ல உதாரணம். தாத்தா அலெக்சாண்டர் பெல். அப்பா அலெக்சாண்டர் மெல்வில் பெல். அந்த மெல்வில்லும் ஒரு ஸ்காட்டிஷ் குடும்பப் பெயர்தான். 1847-இல் எடின்பரோவில் பிறந்த பேரனோ வெறும் அலெக்சாண்டர் பெல். எனக்கும் ஒரு நடுப்பெயர் வேண்டும் என்று பையன் கேட்க, பதினோராவது பிறந்தநாளில் கிடைத்தது 'கிரஹாம்'. அது குடும்ப நண்பர் ஒருவரின் பெயர். ரத்த உறவு இல்லாமலே குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் அப்போதே வந்துவிட்டது.

ஆனால் எல்லாக் குடும்பப் பெயருக்கும் இந்த யோகம் அடிக்கவில்லை. டக்ளஸ், கோர்டன், கிரஹாம், புரூஸ், கீத், லெஸ்லி எல்லாம் பிரபுக்களின் வம்சப் பெயர்கள். அந்தஸ்தின் வாசனைதான் இவற்றைத் தூக்கிவிட்டது என்று தோன்றுகிறது. வால்டர் ஸ்காட்டின் நாவல்களும், 1852-இல் விக்டோரியா ராணிக்காக ஸ்காட்லாந்தின் பால்மோரல் பண்ணை வாங்கப்பட்டதும் ஸ்காட்லாந்து மோகத்தை வளர்த்தன. 1885-இல் சூடானின் கார்ட்டூமில் பிரிட்டிஷ் ஜெனரல் கோர்டன் கொல்லப்பட்டபோது பிரிட்டனே துக்கம் கொண்டாடியது, கோர்டன்கள் பெருகினார்கள். 1900-இல் பம்பாயில் ஸ்காட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்த டக்ளஸ் ஜார்டினுக்கு முன்னும் பின்னும் ஸ்காட்லாந்துதான். 'பாடிலைன்' கிரிக்கெட் தொடரால் பெயர்பெற்ற கேப்டன் அவர்தான்.

'மேக்' என்று தொடங்கும் பெயர்கள் பையன்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை. அமெரிக்காவில் மெக்கன்சியைப் பெண் குழந்தைகளுக்குச் சூட்டிவிட்டார்கள். 'மேக்' என்றால் மகன் என்பது பற்றி யாருக்கும் கவலையில்லை.

பெயர்களுக்கும் வயதாகிறது. கோர்டன், கீத் என்றால் இன்று தாத்தாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தொட்டிலில் கிடப்பவர்கள் லோகன், கேமரூன், ஃபிரேசர். அரசியலிலும் அதே காட்சி: 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் பதவியிலிருந்து கோர்டன் பிரவுன் இறங்க, டேவிட் கேமரூன் ஏறினார்.