வயலில் விழுந்த விமான டேங்க்! போர் விமானம் அதை கழற்றி விடுவது ஏன்?

2019-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி கோவை சூலூரில் இருந்து பறந்த தேஜஸ் போர் விமானத்தின் எரிபொருள் டேங்க், இருகூரில் விவசாய நிலத்தில் விழுந்து தீப்பிடித்தது. யாருக்கும் காயம் இல்லை. விமானம் பத்திரமாக தரை இறங்கியது.

அது 1,200 லிட்டர் பிடிக்கும் டேங்க். அதாவது 6 பேரல்!

ஒத்தக்கடை வழியே ஓடும் லாரிக்கு டீசல் டேங்க் வெளியே தெரியும். போர் விமானத்துக்கு இறக்கைக்குள்ளும் உடம்புக்குள்ளும் இருக்கும். ஊற்றுவது பெட்ரோல் அல்ல, மண்ணெண்ணெய் வகை. தூரமாக பறக்க அது பத்தாது. அதனால் இறக்கைக்கு அடியில் எக்ஸ்ட்ரா டேங்க் மாட்டுவார்கள். சண்டை, ஆபத்து என்றால் பைலட் அதை கழற்றி விடலாம். பாரம் குறையும், விமானம் சீறும்.

காலி டேங்க்கிலும் ஆவி தங்கி தீப்பிடிக்கலாம். அதனால் இப்படி எது விழுந்தாலும் வேடிக்கை பார்க்க கிட்ட போகாதீங்க. பீடி பற்ற வைக்காதீங்க. உடனே 112-க்கு போன் போடுங்க.