மாட்டுக்கு வரி, கூரைக்குக் கடன்

டென்மார்க்கில் மாடு வளர்ப்போர் 2030 முதல் மாட்டின் ஏப்பத்துக்கும் சாணத்துக்கும் வரி கட்டப்போகிறார்கள். 2024 ஜூனில் அரசு, விவசாயிகள் சங்கம், சூழல் அமைப்பு எல்லாம் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு இது. நவம்பரில் நாடாளுமன்றக் கட்சிகளில் பெரும்பான்மையும் சம்மதித்தது. கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர். 60 சதவீதம் கழிவு உண்டு என்பதால் கைவிட்டுப் போவது 120. 2035இல் அது 300 ஆகிவிடும். கறவை மாடு ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 672 குரோனர் என்று அப்போது கணக்கிட்டார்கள். 200 மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு 1,34,000 குரோனருக்கு மேல் வரும்.

இந்தப் பயத்தில் கொட்டகைக் கூரை முழுக்க சோலார் போடக் கடன் கேட்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோலார் இந்த வரியில் ஒரு குரோனரைக்கூடக் குறைக்காது. வரி மாட்டின் வயிற்றுக்கும் சாணக் குழிக்கும்தான், மின்சாரத்துக்கு அல்ல. அந்த 60 சதவீத வரிக்கழிவைச் சராசரி மாட்டை வைத்துக் கணக்கிடுவதால், தீவனத்தை மாற்றி மீத்தேனைக் குறைப்பவருக்கும், சாணக் கரைசலைத் தேங்கவிடாமல் பயோகாஸ் ஆலைக்கு அனுப்புபவருக்கும்தான் வரி இறங்கும். சோலாரையும் வரிக் குறைப்பையும் ஒரே ‘பசுமைத் திட்டம்’ என்று சேர்த்துக் காட்டும் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள்.

சோலார் குறைப்பது மின் கட்டணத்தை. அதிலும் கவனம் வேண்டும். கறந்த பாலை உடல் சூட்டிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கும் குளிரூட்டி, கறவை இயந்திரத்தின் பம்பு, குழாய் கழுவும் வெந்நீர் ஆகிய மூன்றும்தான் பெரிய செலவு. விடியலிலும் மாலையிலும் கறக்கும் பண்ணையில் இவை ஓடும் நேரம் வேறு, வெயில் உச்சிக்கு வரும் நேரம் வேறு. நாள் முழுக்க ரோபோ கறக்கும் பண்ணைக்குக் கணக்கு சற்று சாதகம். மற்றவர்கள் நண்பகலில் பனிக்கட்டி உறையவைத்து மாலைப் பாலைக் குளிர்விக்கும் தொட்டியையும் விலை கேட்கலாம். இன்னொன்று, தொழிலுக்கு வாங்கும் மின்சாரத்தின் வரியில் பெரும்பகுதி அங்கே திரும்பக் கிடைத்துவிடும். அதனால் வீட்டுக் கட்டணத்தை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு மிச்சம் என்று காட்டினால் அது பண்ணைக்குப் பொருந்தாது. மிஞ்சியதை விற்கலாம் என்பதும் உறுதியல்ல. வெயில் கொளுத்தும் நண்பகல்களில் மேற்கு டென்மார்க்கின் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது.

விதியும் மாறும். சோலார் வைத்தோருக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வரவு-செலவு கழித்துத் தந்த மீட்டர் முறையை 2012 நவம்பரில் புதியவர்களுக்கு ஒவ்வொரு மணிநேரத்துக்குமான கணக்காகச் சுருக்கினார்கள். கடனும் அப்படியே. வட்டி குறைவென்று சுவிஸ் பிராங்க்கில் வாங்கிய டேனிஷ் விவசாயிகளுக்கு, 2015 ஜனவரி 15 அன்று அந்த நாணயம் எகிறியதும் கடன் ஒரே நாளில் வீங்கியது. வருமானம் எந்த நாணயத்திலோ கடனும் அதில்தான் இருக்க வேண்டும். இன்வர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற நேரும், அந்தச் செலவும் தவணைக் கணக்கில் ஏற வேண்டும்.

கைகொடுக்கும் வழிகளும் இருக்கின்றன. நம் ஆவின் போல உற்பத்தியாளர்களே உடைமையாளர்களான அர்லா கூட்டுறவு, 2023 முதல் சூழல் நடவடிக்கைகளுக்குப் புள்ளி போட்டு, புள்ளிக்குக் கிலோ பாலுக்கு 0.03 யூரோ சென்ட் கூடுதலாகத் தருகிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கும் அதில் புள்ளி உண்டு. இந்த வரவை எழுத்தில் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.

கூரைக்குப் பதில் நிலத்தை சோலார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவதானால், காலம் முடிந்ததும் தகடுகளை யார் பிடுங்குவது, அதற்கான பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு. வீட்டு மதிப்பு சரிந்தால் ஈடு கோரலாம். பெரிய சோலார் பூங்காவிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள், விதிமுறைகளுக்கு உட்பட்டு, வீட்டையே நிறுவனத்துக்கு விற்றுவிடவும் கேட்கலாம். நிறுவனம் நடத்தும் பொதுக்கூட்டத்துக்குப் பிறகு குறிப்பிட்ட வாரங்களுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கூட்ட அறிவிப்பு வந்த அன்றே கடைசித் தேதியைக் கேட்டு வையுங்கள்.