இரு சட்டங்களுக்கு இடையே ஒரு வாடகை வீடு

கஞ்சா என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர்க்குச் சிறையும் தூக்குமரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் அச்செடியைப் பயிரிடுவதும், உலர்த்திப் பதப்படுத்துவதும், கடைவைத்து விற்பதும் உரிமம் பெற்ற தொழில்களாக நடைபெறுகின்றன. கலிபோர்னியா மாநிலம் 1996இல் மருத்துவத்தின் பொருட்டு அதற்கு இடங்கொடுத்தது. கொலராடோ, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களின் மக்கள் 2012இல் வாக்களித்து, 21 வயது நிரம்பியோர் அதனை வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தனர். கொலராடோவில் 2014 ஜனவரி முதல் நாளன்று கடைகள் திறந்தன. இத்தொழில் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. ஈண்டு ஆராயப்புகும் பொருள், அத்தொழிலில் கூலி வாங்கி உழைக்கும் ஒருவன் குடியிருக்க வீடு தேடும்போது அவனுக்கு நேர்வது யாது என்பதே.

மாநிலங்கள் ஒப்பினாலும் கூட்டரசு ஒப்பவில்லை. 1970இல் இயற்றப்பெற்ற கூட்டரசுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. மாநிலம் அனுமதித்த மருத்துவப் பயன்பாட்டையும் கூட்டரசு தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஆகவே காலையில் கடைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் ஒரு விற்பனையாளர், மாநிலத்தின் கண்ணுக்கு நேர்மையான தொழிலாளி. கூட்டரசின் கண்ணுக்கோ குற்றச்செயலில் பங்குகொள்பவர். 2024 மே மாதத்தில் கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றக் கூட்டரசே முன்மொழிந்தது. ஆனால் அட்டவணை மாற்றம் ஒன்றினாலேயே மாநிலக் கடைகளின் விற்பனை கூட்டரசுக்கு உகந்ததாகிவிடாது.

இனி அந்த விற்பனையாளர் வாடகை வீடு ஒன்றைக் கேட்டுச் செல்வதாகக் கொள்க. அந்நாட்டில் வீட்டுக்காரர் ஆளைப் பார்த்துச் சாவியைக் கொடுப்பதில்லை. விண்ணப்பத் தாளை நிரப்பவேண்டும். முதலாளி யார், மாதச் சம்பளம் எவ்வளவு என்பன எழுதவேண்டும். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் காட்டவேண்டும். வாடகையைப்போல் மும்மடங்கு வருமானம் இருத்தல் வேண்டும் என்பது பலரும் கொள்ளும் அளவு. இந்த இடத்திலேதான் முடிச்சு விழுகின்றது. வங்கிகள் கூட்டரசின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. கஞ்சாப் பணத்தை ஏற்கும் வங்கிகள் கடைப்பிடிக்கவேண்டிய நெறிகளைக் கூட்டரசு நிதித்துறை 2014இல் வெளியிட்டதெனினும், அறிக்கைமேல் அறிக்கை எழுதும் தொல்லைக்கு அஞ்சிப் பல வங்கிகள் விலகி நின்றன. அவ்வங்கிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் மசோதா ஒன்று கீழவையில் 2019இல் நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை. இதனால் பல நிறுவனங்கள் கூலியை ரொக்கமாகவே கொடுத்துவந்தன. ரொக்கத்திற்கு வங்கிச் சான்று ஏது?

சில நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. கஞ்சா என்ற வாடையே இல்லாத பெயரில் துணை நிறுவனம் ஒன்றை அமைத்து, அதன் பெயரால் சம்பளம் வழங்கின. சீட்டைப் பார்ப்பவர்க்கு அது ஏதோ அலுவலகம் என்றே தோன்றும். இது பொய்யா என்று கேட்பார் கேட்கலாம். சம்பளம் கொடுப்பது உண்மையில் அந்த நிறுவனமே என்றால் அதன் பெயரை எழுதுவது பொய்யாகாது. ஆனால் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் வேலையின் தன்மையை மாற்றி எழுதினால், அதுவே கூட்டரசுக் குற்றம். வாயைத் திறந்தால் வீடு இல்லை. திறவாவிடின் உள்ளத்தில் அச்சம் என்ற நிலைக்கு ஒரு கூலிக்காரரைத் தள்ளுவது முறைதானா என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக்காரரையும் முற்றும் குறைகூறுவதற்கில்லை. போதைப்பொருட் குற்றத்திற்குப் பயன்பட்ட கட்டடத்தைப் பறிமுதல் செய்யக் கூட்டரசுச் சட்டம் இடந்தருகின்றது. வீட்டின்மேல் அடமானக் கடன் இருப்பின், எல்லாச் சட்டங்களுக்கும் அடங்கி நடப்பேன் என்ற வாசகமும் பத்திரத்தில் இருப்பதுண்டு. ஆனால் செடி வளர்ப்பவர் வேறு, செடிக் கடையில் வேலை செய்துவிட்டு உறங்க வருபவர் வேறு. இந்த வேற்றுமையைப் பலர் உணர்வதில்லை. நாள் முழுதும் செடியோடு இருந்தவர் உடையில் அதன் வாடை ஒட்டியே வரும்; அண்டை வீட்டார் முகர்ந்து முறையிட, புகைக்காதவரும் புகைப்பவர் ஆகிவிடுவார். வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் துணைவராதோ எனின், வராது. அது இனம், நிறம், சமயம், பிறந்த நாடு முதலியவற்றைக் காக்கின்றது. பின்னர்ப் பால், உடற்குறை, குழந்தையுள்ள குடும்பம் என்பனவும் சேர்க்கப்பட்டன. செய்யும் தொழில் அப்பட்டியலில் இல்லை. வருமானம் எவ்வழி வந்தது என்று பாகுபாடு காட்டலாகாது என்னும் கலிபோர்னியச் சட்டமும், ‘சட்டப்படியான வருமானம்’ என்றே பேசுகின்றது. எந்தச் சட்டப்படி? அந்த ஒரு சொல்லில் வழக்கு முழுதும் அடங்கிக் கிடக்கின்றது.

சொந்த வீடு வாங்குவது இன்னும் கடினம். கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம் பிணைநிற்கும் கடனுக்கு, வருமானம் சட்டத்திற்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் ஒருவருக்கு, அவர் இத்தொழிலில் இருந்த காரணத்தால் படைவீரர்க்குரிய வீட்டுக் கடன் கிடைக்காமற்போன செய்தி 2019இல் வெளிவந்தது. வேடிக்கை யாதெனின், இதே சம்பளத்திற்குக் கூட்டரசு வருமானவரி வாங்கத் தவறுவதில்லை. வரிக்கு அது வருமானம். கடனுக்கு அது வருமானம் அன்று!

குடியேறியவர்க்கு வேறோர் இடரும் உண்டு. இத்தொழிலில் வேலை செய்தல் நன்னடத்தைக்கு இழுக்காகக் கொள்ளப்பட்டு, குடியுரிமை மறுக்கப்படலாம் என்று கூட்டரசுக் குடிநுழைவுத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. நிரந்தர வாசத் தகுதியோடு அங்கு வாழும் இந்தியருக்கும் இது பொருந்தும். வீட்டிற்காக வேலையை மறைப்பது ஒன்று. நாட்டிற்காக வேலையையே துறப்பது மற்றொன்று.

வடகலிபோர்னியாவின் ஹம்போல்ட் மாவட்டத்தில் நிலைமை வேறு வகையானது. இலையுதிர் காலத்தில் அறுவடையானதும் மொட்டுகளைக் கத்தரித்து ஒழுங்கு செய்யப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவர். சில வார வேலைக்கு யார் வீடு கொடுப்பார்? பலர் மலைத்தோட்டங்களிலே கூடாரம் அடித்தும், தம் வண்டியிலேயே படுத்தும் காலம் கழித்தனர். முதலாளியின் நிலத்திலேயே இருப்பிடம் என்றால், வேலை போன அன்றே இருப்பிடமும் போகும். தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஆனால் லயத்துக்காவது ஒரு கூரையும் கதவும் உண்டு. மலைமேலிருந்த கூடாரத்திற்கு அவையும் இல்லை.