அடுப்படிச் சுத்தமும் பித்தளைப் பாத்திரங்களும்

பித்தளைப் பாத்திரம் பளபளவென்று விளங்கினால் அது சுத்தமாயிருப்பதாகக் கருதுவது குடியானவர் வீடுகளில் வழக்கம். வெளிப்புறத்தைப் பொறுத்தமட்டில் இது சரியே. ஆனால் உண்போரின் தேக சௌக்கியம் பாத்திரத்தின் உட்புறத்தைப் பொறுத்ததாகும்.

பித்தளை யென்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி, மோர், எலுமிச்சைச் சாறு முதலியவை அதில் தங்குமாயின் செம்பு கரைந்து பச்சை நிறக் களிம்பு உண்டாகிறது. அது உணவிற் கலந்தால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் நேரிடும். இதைத் தடுப்பதற்காகவே உள்ளே வெள்ளீயம் பூசப்படுகிறது. இப்பூச்சு மிக மெல்லியது. செங்கற்பொடியோ மணலோ கொண்டு தினந்தோறும் அழுத்தித் தேய்த்தால் சீக்கிரத்தில் தேய்ந்துபோம். உள்ளே மஞ்சள் நிறம் தெரிவதைக் கண்டு பாத்திரம் நன்றாய்த் துலங்கிவிட்டதென்று மகிழ்வோரும் உளர்! மஞ்சள் தெரிந்த அன்றே அதில் புளிப்புப் பண்டம் சமைப்பதை நிறுத்திவிட வேண்டும். உட்புறத்துக்கு வெந்நீரும் சீயக்காய்த் தூளும் மெல்லிய துணியுமே போதுமானவை. சமைத்த குழம்பை இரவு முழுவதும் அதிலேயே வைத்திருப்பதும் தகாது.

ஈயம் பூசுவோர் முன்போல் அடிக்கடி கிராமங்களுக்கு வருவதில்லை. வரும்பொழுது கூலியை மட்டும் பேசாமல், பூசப்போகும் ஈயத்தையும் பார்த்தல் அவசியம். வெள்ளீயத்தைவிடக் காரீயம் விலை மலிவு. ஆகையால் இரண்டையும் கலப்பதுண்டு. காரீயம் கொடிய நஞ்சு. உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, முக்கியமாய்க் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். காரீயத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழவில்லை யென்பதனால் மட்டும் காரீயம் அறவே இல்லையென்று தீர்மானிக்கலாகாது. சந்தேகமான ஈயத்தைப் பூசுவதைவிடப் பாத்திரத்தைக் குளிக்கும் வெந்நீருக்கென்று ஒதுக்கிவிடுதல் மேல். ஒரு சமயத்தில் பூச வருபவரின் ஈயத்தைக் கிராம உத்தியோகஸ்தர் ஒருவர் முன்னின்று சோதித்துவிட்டால் ஊர் முழுவதற்கும் உபகாரமாகும்.

வெளிப்புறக் கரிக்கு அடுப்புச் சாம்பலே சிறந்தது. அதிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பைப்போல் வேலை செய்கிறது. சல்லடையில் சலித்துக் கரித்துண்டுகளை நீக்கித் தேங்காய் நாரினால் தேய்க்கலாம். அடுப்பிலேற்றுமுன் பாத்திரத்தின் அடியில் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி மண்ணின்மேல் படிந்து, கழுவும்பொழுது மண்ணோடு நீங்கிவிடும். உலர்ந்த விறகை எரித்தால் கரியே குறையும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பல் ஆகாது. காரம் அதை அரித்துவிடும்.

அடுப்பிலுள்ள சாம்பலைத் தினந்தோறும் காலையில் அள்ளிவிட்டால் காற்றோட்டமுண்டாகிப் புகை குறையும். அள்ளியதைத் தெருவில் கொட்டலாகாது. அதில் பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்து இருக்கிறது. எருக்குழியிலும் கொட்டலாகாது, காரம் பட்டால் சாணத்திலுள்ள தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். மழை நனையாத மூலையில் ஒரு பானையில் சேர்த்துவைத்து, கத்தரி, வாழை முதலியவற்றுக்குத் தனியே இடவேண்டும்.